பத்து மைக்ரோ செகண்ட்

குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கண்காணிக்கும் கருவி அது. அதன் சிப்பை வடிவமைத்தவன் கணவன். சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளைச் சரிபார்ப்பவள் மனைவி. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஒரே அலுவலகம், வேறு வேறு மாடி.

அன்று அவளிடம் வந்த திருத்தம் நான்கே வரி. சிப்பின் ஒரு ரெஜிஸ்டரில், அதாவது எண்களை வைக்கும் சிறு அறையில், புது எண்ணை எழுதி உடனே படித்தால் பழைய எண்ணே வருகிறதாம். அதனால் பத்து மைக்ரோ செகண்ட் காத்திருந்து படிக்க வேண்டுமாம். எழுதியவர் பக்கத்து மேசைக்காரர். ஆபீஸில் அவருக்குப் பெயர் ‘அவசரம்’.

“ஏன் பத்து?”

“அஞ்சு வச்சேன், தப்பா வந்துச்சு. பத்து வச்சேன், சரியாயிடுச்சு. கண்ண மூடிட்டு ஓகே பண்ணுங்க.”

“கண்ண மூடிக்கிறதுக்கா எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?”

கணவன் ஒரு வாரமாக வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோளாறு அவன் சிப்பில் என்றால், காரணம் இதுதானோ என்று இப்போது தோன்றியது. மேல்மாடிக்குப் போனாள்.

“இந்தச் சிப் விஷயம் உனக்குத் தெரியுமா?”

அவன் தலை நிமிரவில்லை. “போன வாரமே தெரியும். என் தப்புதான். நம்ம பாப்பா குறைமாசத்துல பொறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தாளே, அத நெனச்சு நெனச்சு செஞ்ச சிப்பு. அதுல போய்க் கோட்டை விட்டுட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

“லூசு. என்மேல ஏதோ கோவம்னு நான்ல தவிச்சுட்டிருந்தேன்.” பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பத்து போதுமா, சொல்லு.”

“ரூமுக்குள்ள போதும். குளிர்ல போதுமான்னு தெரியல.”

“கருவிய ஏசி ஆம்புலன்ஸ்லயும் ஏத்துவாங்களே. வா, பாத்துடலாம்.”

பரிசோதனைக் கூடத்துக் குளிர்ப்பெட்டியில் கருவியை வைத்தார்கள். பத்தில் தவறியது. பதினைந்திலும் தவறியது. அவன் முகம் வெளுத்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டில்தான் சரியான எண் வந்தது. சாயங்காலம் வரை மேலும் எட்டுச் சிப்புகளைச் சோதித்தார்கள். எதுவும் இருபத்திரண்டைத் தாண்டவில்லை. கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று முப்பதாக முடிவு செய்தார்கள்.

அவசரம் எண்ணை மாற்றினார். “நல்லவேளைங்க,” என்றார் மெதுவாக. அந்த நான்கு வரிக்கு மேலே காரணத்தைக் குறிப்பாக எழுதும் வேலையைக் கணவனே கேட்டு வாங்கிக்கொண்டான். பிழை எங்கே, ஏன், குளிரில் எவ்வளவு என்று எல்லாம் எழுதி, தன் பெயரையும் போட்டு, கடைசியில் ‘மன்னிக்கவும்’ என்று முடித்திருந்தான்.

அந்த ஒரு சொல்லை மட்டும் நீக்கச் சொன்னாள்.

“ஏன்?”

“மத்ததெல்லாம் படிக்கிறவங்களுக்கு வேணும். இது வேணாம்.”

அவன் நீக்கினான். அவள் ஒப்புதல் கொடுத்தாள்.