வியாழன் என்று சொன்னேன்

அப்பாவை நுரையீரல் வார்டில் சேர்த்த திங்கட்கிழமை மதியம், வடக்கே வேலை பார்க்கும் தம்பி அழைத்தான்.

"அக்கா, இங்க ஏர்போர்ட்ல பனிமூட்டம். எல்லாம் ரத்து. ரயில்னா ரெண்டு நாள். இப்பவே ஏறட்டுமா?"

நான் வானிலை அலுவலகத்தில் வரைபடத்தின் முன் இருந்தேன். மேற்கிலிருந்து கிழக்கே ஓட வேண்டிய மேல்காற்றை வடக்கே ஒரு உயர் காற்றழுத்தம் வழிமறித்து நின்றது. காற்று அதைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் அடியில் குளிர் தேங்கி, மூட்டம் கலையாமல் கிடந்தது.

"மூட்டையை அவிழ்த்துட்ட விருந்தாளி, சீக்கிரம் கிளம்பமாட்டான்," என்றார் மேலதிகாரி.

கணினி வியாழன் விலகும் என்றது. இப்படி நிலைத்துவிட்ட அழுத்தங்களைக் கணினி தன் கணிப்பில் எப்போதும் அவசரப்பட்டுக் கலைத்துவிடும். அதனால் அறிக்கையில் இரண்டு நாள் கூட்டி எழுதுவது எங்கள் வழக்கம். கூட்டினேன். சனிக்கிழமை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தம்பியிடம், "வியாழன் விலகிடும்டா. பிளேன்லயே வா," என்றேன். ஒரு வாரம் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

புதன் மாலை அப்பா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, "அவன் எங்க?" என்றார்.

"நாளைக்கு வந்துடுவான்ப்பா."

"உன் ஆபீஸ் சொல்லுதா, நீ சொல்றியா?"

"நான்தான்."

"அப்ப சரி," என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

வியாழன் மூட்டம் அப்படியே இருந்தது. கணினி வெள்ளி என்றது. வெள்ளி காலை ஏழு மணிக்கு அப்பா போய்விட்டார். கடைசி வரை கண் கதவின் மேலேயே இருந்தது.

தம்பிக்குச் சொன்னபோது அவன் விமான நிலையத்தில்தான் இருந்தான். முதலில் அழுதான். பிறகு மெதுவாகப் பேசினான்.

"பேப்பர்ல செவ்வாய்க்கிழமையே போட்டிருந்தான்க்கா, சனி வரைக்கும் விலகாதுன்னு. எவனோ எழுதினது, எங்க அக்காவுக்குத் தெரியாததா என்னன்னு மடிச்சு வெச்சுட்டேன்."

"அதை எழுதினதே நான்தான்டா."

அவன் பின்னால் ஏதோ அறிவிப்பு ஓடி முடிந்தது.

"ஊருக்கெல்லாம் சரியாச் சொல்லியிருக்கே."

"நீ சீக்கிரம் வரணும்னு இருந்துச்சுடா. அதான்..."

"ரயில் ஓடிட்டுத்தான்க்கா இருந்துச்சு. தினமும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்டேஷனுக்குப் போவதாக மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.