மோகனா நின்ற தூரம்

"பக்கத்துல நிக்கச் சொன்னா ஏன் மோகனா, மேட்டுக்குப் போயிட்ட?" என்று விமலன் தன் மனைவியை ஒருநாள் கேட்டான். அவள் எங்கும் போகவில்லை. அவனுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற இடத்தில்தான் நின்றாள். அவன் எடுத்த படத்தில் மட்டும் சில தேயிலை வரிசைகளுக்கு அப்பால் இருந்தாள். நோய்க்காக மூடிய சாலைகள் திறந்து, கோலாலம்பூர் கார்கள் மறுபடி மலையேறத் தொடங்கிய வருஷம் அது. அந்த வருஷம் பிரிஞ்சாங் ஊரில் முட்டைக்கோசு விலை இறங்கியது, ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் மோகனா படங்களில் தூரம் போகத் தொடங்கினாள்.

விமலன் கைதேர்ந்த படக்காரன். பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் கல்யாணம் வைப்பவர்கள் முதலில் அவனுக்கு நாள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மண்டபம் பார்ப்பார்கள். விறைத்து நிற்கும் மாப்பிள்ளையைச் சரியான நேரத்தில் சிரிக்க வைப்பான், மூடுபனி விலகும் கணத்துக்காகப் பசியோடு காத்திருப்பான். அவன் படங்களில் மற்றவர்கள் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மோகனா மட்டும்தான் நகர்ந்தாள்.

அவள் கத்தரியால் கொழுந்து வெட்டுகிற வேலைக்காரி. கை உறையும் ரப்பர் பூட்ஸும் போட்டு, வெட்டிய இலையைச் சாக்கில் நிரப்பி லோரிக்குச் சுமப்பாள். ஆனால் வேலை முடிந்ததும் விமலன் அவளுக்குச் சிவப்புச் சேலை கட்டி, நினைவுப்பொருள் கடையில் வாங்கிய பிரம்புக் கூடையை முதுகில் மாட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலால் கிள்ளச் சொல்வான். அந்தத் தோட்டத்தில் யாரும் அப்படிக் கிள்ளிப் பல காலம் ஆகிவிட்டது. கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிப் போகும் வங்காளதேச ஆட்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

கோளாறு கேமராவில் என்று விமலன் முடிவு செய்தான். ஈப்போவுக்குப் போய்ப் புதியது வாங்கினான். அதில் முன்னால் உள்ள இலையின் நரம்பு தெரிந்தது, மோகனா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தெரிந்தாள். தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸுக்காகத் தன் மோட்டார் சைக்கிளை விற்றான். அதில் அவள் தொட்டியையும் தாண்டி அரிசி மணி அளவில் நின்றாள். அடுத்த லென்ஸுக்கு அவளுடைய சங்கிலி போனது. லென்ஸ் எவ்வளவு நீண்டதோ அவ்வளவு அவளும் நடந்திருந்தாள். படம் எடுத்த நாட்களில் அவளுக்குக் கெண்டைக்கால் வீங்கியது, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"நேத்து எடுத்ததுல தொட்டிக்கு மேல போயிட்டியேடி, அட்டை கடிக்கலியா?" என்று கேட்டாள் அவளோடு வெட்டுகிற பவளம்.

"ரெண்டு கடிச்சிச்சுக்கா" என்றாள் மோகனா.

சாப்பாட்டுக் கடையில் இதைப் பற்றி இரண்டு மழைக்காலம் வாக்குவாதம் நடந்தது. இன்னும் பெரிய கேமரா வாங்கினால் எல்லாம் சரியாகும் என்றான் ஹோட்டலில் வேலை பார்க்கும் யுகேந்திரன். கோசு லோரி ஓட்டும் மாடசாமி, "கேமராவ மாத்தி என்னா லா செய்ய? பாக்குற கண்ணு அதேதானே?" என்று கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்தான். இதற்கிடையில் பவளம் தன் உடைந்த போனில், நாசி லெமாக் சோறு தின்றுகொண்டிருந்த மோகனாவை ஒரு படம் எடுத்தாள். அதில் மோகனா இருந்த இடத்திலேயே, உதட்டில் மிளகாய்ச் சம்பலோடு, படம் முழுக்க இருந்தாள். விமலன் அதை வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்தான். "மட்டமான போன். இதுக்குத் தூரமே தெரியாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அவன் அதை மனதார நம்பினான்.

மோகனா ஒரே ஒரு தடவை கேட்டாள். "என்னங்க, இந்தக் கூடை வேணாமே. பூட்ஸும் கத்தரியுமா நிக்கிறேன், அப்படியே எடுங்களேன்."

"அது யாருக்கு வேணும் மோகனா? அழகா இருக்க வேணாமா?"

அவள் கூடையை மறுபடி மாட்டிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, "அடுத்த லென்ஸ்லயும் நான் கிட்ட வரலைன்னா கீழ தாப்பாவுல இருக்குற அக்கா வீட்டுக்குப் போயிடுறேங்க. ஒவ்வொரு தடவையும் அவ்ளோ தூரத்துலேருந்து வீட்டுக்கு நடந்து வர முடியல" என்றாள். அப்படியானால் இருப்பதிலேயே பெரிய லென்ஸை வாங்கிவிட வேண்டும் என்று விமலனுக்குத் தோன்றியது.

அது வந்து சேர்ந்த மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் லென்ஸைத் தூக்கி முக்காலியில் பொருத்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் கேமராவில் வைத்தான். மோகனா கூடையோடு எதிரே வந்து நின்றாள். அவள் எங்கே இருப்பாள் என்பது அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும் என்பதால், நேராகக் கடைசி மலைமுகட்டில் தேடினான். ஏதோ சிவப்பாக நடுவில் மங்கலாக நின்றது.

"கொஞ்சம் தள்ளு மோகனா, மறைக்குது" என்றான்.

அவள் தள்ளி நின்றாள். அவன் எடுத்தான். முகடு, வெயில், ஒரு ஆளும் இல்லை. அவன் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அடுத்த வருஷம் பிரிஞ்சாங் உரக்கடை ஒன்று அதை நாட்காட்டியாக அச்சடித்தது. அதில் யாரோ குறைகிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்று காலை, படம் எடுத்த பிறகும் விமலன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியிருப்பாள், ஏறி வரட்டும் என்று காத்திருந்தான். மோகனா கூடையைக் கழற்றி வரப்பில் வைத்தாள். அவன் தோளை உரசிக்கொண்டு சாலைக்கு இறங்கினாள். தாப்பாவுக்குக் கோசு ஏற்றிப் போன மாடசாமி லோரியை நிறுத்தினான். அவள் ஏறிக்கொண்டாள்.