டெல்பின் அக்காவின் ஐபி முகவரி

எங்கள் மீன் ஏற்றுமதிக் கிடங்கில், கைக்கணினியின் ஐபி முகவரியை 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்தால், அதைப் பிடித்திருப்பவருக்கும் தினம் ஒரு வீடு தானாக ஒதுக்கப்படும். வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே சோறு போடுவார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று கோபித்துக்கொள்ளவும் செய்வார்கள்.

கருவிகளுக்கு நான்தான் பொறுப்பு. புதிதாக வந்த இருபதும் ஆட்டோமேட்டிக்கில்தான் இருந்தன. யாரும் குறை சொல்லவில்லை. நான்காம் நாள் மதியம், பெட்டிகளை ஸ்கேன் செய்யும் டெல்பின் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, நாளைக்குக் கோயில்ல என் மகளுக்குப் புதுநன்மை, முதல் தடவையா நற்கருணை வாங்கப்போறா. கவுனுக்குப் பொத்தான்கூட தைக்கல. இன்னைக்கு என் வீட்டுக்கே போகணும்."

"போயிரலாம்க்கா. கருவியைக் குடுங்க."

முகவரி மாறாமலிருக்க 'ஸ்டாட்டிக்' என்று மாற்றி அவர் வீட்டு எண்ணை அடித்தேன். கேட்வேக்கு, வெளியே போகும் வழியான தெருமுனை. டிஎன்எஸ்ஸுக்கு, பெயரைச் சொன்னால் வழி காட்டும் பலசரக்குக் கடை. சேமித்ததும், அந்த முகவரி வேறொரு கருவியிடம் இருப்பதாகத் திரை சொன்னது.

இதற்கெல்லாம் நான் பதறுவதில்லை. பட்டியலைப் பார்த்தேன். சுமை ஏற்றும் சூசைராயன் அண்ணனிடம் இருந்தது. கருவியை அணைக்காவிட்டால் அதே முகவரி நீடிக்கும். மூன்று நாளாக அவர் அணைக்கவே இல்லை. கூப்பிட்டேன்.

"நல்ல வீடு" என்றார் அவர். "பிள்ளைக்கு நேத்துதான் ஜெபமெல்லாம் மனப்பாடம் ஆச்சு."

"பொத்தான்?" என்று கேட்டார் டெல்பின் அக்கா.

"நாலு தைச்சிட்டேன். அஞ்சாவதுக்கு நூல் பத்தல."



"இட்லிக்கு அவளுக்குச் சீனிதான் வேணும்..." என்று இழுத்தார் அக்கா.

"மொத நாளே சொல்லிட்டா."

சூசைராயன் அண்ணன் கருவியை ஒருமுறை துடைத்துவிட்டு நீட்டினார். இணைப்பைத் துண்டித்தேன். அக்காவின் திரையில் 'இணைக்கப்பட்டது' என்று வந்தது. ஐந்து மணிக்கு அவர் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, நடந்தே போய்விட்டார்.

இனி அண்ணனுக்கு ஒரு முகவரி வேண்டும். ஊருக்குள் எதுவும் காலி இல்லை. சப்நெட் மாஸ்க்கைக் கொஞ்சம் தளர்த்தினேன். எல்லை துறைமுகத்தைத் தாண்டி விரிந்தது. உடனே ஒன்று கிடைத்தது. அவர் அதைப் படித்துப் பார்த்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் கோயிலில் டெல்பின் அக்காவின் மகள் ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல் ஜெபம் சொன்னாள். அக்கா முன்வரிசையில் இருந்தார். பூசை முடிந்ததும் சூசைராயன் அண்ணன் தன் புது வீட்டுக்காரர்களிடம் என்னைக் கூட்டிப்போனார். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். கடைசி பெஞ்சில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒருநாள் சாப்பிட வாங்க தம்பி" என்றார் அந்த அம்மா. "கடல்ல ஏழு பாகம் ஆழம் இறங்கினா இடது கைப்பக்கம் எங்க வீடு."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேங்க."

"எங்க வீட்ல சைவம்தான். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.