நாற்பத்தொரு பெயர்கள்

காலை எட்டு மணிக்கு மேனேஜர் ரிஜின் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டுப் போனார். கற்பகம் திறக்கவில்லை. பதினோரு மணிக்கு மந்திரி வந்து அந்த வீட்டு வரிசையை நினைவகமாகத் திறந்துவைக்க இருந்தார். அவளோ உள்ளே அடுப்பு மூட்டி உலை வைத்திருந்தாள்.

கேரளத்தில் சூரியநெல்லிக்கு மேலே உள்ள அந்தத் தேயிலை எஸ்டேட்டில் ஏழாம் நம்பர் லயம்தான் ஆகப் பழையது. ஒரே தகரக் கூரையின் கீழ் ஆறு வீடுகள். ஐந்து குடும்பங்களை வேறு லயங்களுக்கு மாற்றிவிட்டார்கள். கற்பகத்துக்கு மாற இடமில்லை. போன மாதத்தோடு அவளுக்கு ஓய்வு வயது ஆகி, கொழுந்து கிள்ளும் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். வேலை செய்கிறவருக்குத்தான் வீடு. ஓய்வு பெறுகிறவரின் வீட்டிலிருந்து யாராவது தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தால் வீடு தொடரும். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும்.

பதிவதற்கு அவளுக்கு இருந்தது ஒரே ஆள், அவள் வளர்த்த அண்ணன் மகள் செல்வப்பிரியா. பிரியாவுக்குப் பதினெட்டு முடிந்த வாரம் சூப்பர்வைசர் வீடு தேடி வந்து, "பேரு போட்டுரட்டுமா?" என்று கேட்டார். "எங்க வீட்டுப் புள்ள கொழுந்துக்குப் போகாது" என்றாள் கற்பகம். லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அன்று சொல்லச் சொல்ல இனித்த வார்த்தை. இப்போது அதை நினைக்கும்போதெல்லாம் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அந்தப் பிரியாதான் நினைவகத்தைக் கொண்டுவந்தவள். சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஐந்து வருஷம் மனு எழுதினாள். இந்த லயத்தில் வாழ்ந்து இந்த மலையிலேயே செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று கேட்டாள். நாற்பத்தொரு பெயர்கள் சேர்ந்தன. கம்பெனி கல்லைக் கொடுத்தது. லயத்தையும் கொடுத்தது, ஆள் இல்லாத லயமாக.

"அத்தை, கதவத் தொறங்க. மானத்த வாங்காதீங்க." வெளியே பிரியாவின் குரல்.

"அதான் கல்லுல வெட்டி வெளிய வச்சுட்டியே. உள்ள என்ன மிச்சம் கெடக்கு?"

"சின்னக்கானல்ல ரூம் பாத்திருக்கேன்னு எத்தன தடவ சொல்றது?"

"வாடக ரூமு. நாளைக்கி உன்ன வேலைக்கி வராதன்னா அந்த ரிசார்ட்டுக்காரன் படியில போய்ப் படுக்கணுமா?"

பிரியா குரலைத் தாழ்த்தினாள். "ஆபீஸ்ல தமிழாளுன்னு 'பாண்டி, தள்ளி நில்லு'ன்னு சொன்னப்ப நீங்களுந்தான கூட நின்னீங்க? அன்னைக்கி சோறு எறங்கல உங்களுக்கு. இன்னைக்கி மந்திரி அப்பத்தா பேர மைக்குல வாசிக்கப் போறாரு. அது ஒண்ணுமே இல்லயா?"

கற்பகம் விறகை அடுப்புக்குள் தள்ளினாள். ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். போன வாரம் யாரும் இல்லாத நேரத்தில் கல்லின் முன் நின்று, சாந்தம்மாள் என்ற எழுத்துகளின் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். முப்பத்தேழு வருஷம் கூடை சுமந்த அம்மாவின் பெயரை வேறு யாரும் இவ்வளவு ஆழமாக எழுதியதில்லை. அப்போது உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கத்தின் மேல்தான் அவளுக்கு இப்போது வெறுப்பு. எதைத் தொட்டால் இவள் இளகுவாள் என்று தெரிந்து, அதைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டைக் கேட்கிறார்கள்.

கதவைத் திறந்தாள். பிரியாவைப் பார்க்காமல் நேராகக் கல்லிடம் போனாள். கல் வெட்டிய சூசையப்பன் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உளி இருக்கா சூசை?"

"இருக்குக்கா."

"எங்கம்மா பேர எடுத்துரு."

"அத்தை, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்றாள் பிரியா.

சத்தம் கேட்டு ரிஜின் வந்தார். கற்பகம் அவரிடம், "வீடு தர மாட்டீங்கன்னா பேரும் வேண்டாம் சார்" என்றாள். அவர் பதறுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்திருந்தாள்.

ரிஜின் வாட்சைப் பார்த்தார். "அதுக்கென்ன சேச்சி, எடுத்துரலாம். சூசை, அரை மணிக்கூர் போதுமில்ல? அந்த எடத்துக்கு முன்னால ஒரு பூந்தொட்டி வச்சிரு, யாருக்கும் தெரியாது. சேச்சி, நீங்க சாமானெல்லாம் எடுத்து வைங்க."

சூசையப்பன் உளியை வைத்துத் தட்டினான். முதல் எழுத்து உடைந்து தூளாக விழுந்தது. கற்பகத்துக்கு நிறுத்து என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. தன்னை எரித்துவிடுவதுபோல் பார்ப்பாள் என்று நினைத்துப் பிரியாவைத் திரும்பிப் பார்த்தாள். பிரியா அவளைப் பார்க்கவில்லை. ரிஜினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூசையண்ணே, நிறுத்துங்க" என்றாள் பிரியா. "எடுக்குறதா இருந்தா நாப்பத்தொண்ணையும் எடுங்க."

ரிஜின் சிரித்தார். "தமாசுக்கு நேரமில்ல பிரியா."

"தமாசு இல்ல சார். ஒவ்வொரு குடும்பத்துலயும் போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்குனது நானு. அத்தன பேரும் கீழ பந்தல்ல உக்காந்திருக்காங்க. பேரு அரை மணிக்கூர் சமாச்சாரம்னு நீங்க சொன்னத நான் போய்ச் சொன்னாப் போதும், அவங்களே எந்திரிச்சு வருவாங்க. மந்திரி வெறுங்கல்லத் தொறக்கட்டும். இல்ல, இந்த வீட்ட அத்தைக்கு எழுதிக் குடுங்க."

"வீடு எழுதித் தர்றதுக்கு நான் யாரு?"

"எழுதித் தர்றவங்களுக்குப் போன் போடுங்க. நேரம் ஆகுது."

ரிஜினின் முகத்தில் சிரிப்பு அப்படியே காய்ந்தது. டவர் கிடைக்கும் மேட்டை நோக்கி போனோடு ஏறினார்.

கற்பகம் மெல்லக் கேட்டாள். "எனக்காகவா பேசுன?"

"உங்களுக்காக இல்ல. அஞ்சு வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன். பூந்தொட்டி வச்சு மறைச்சுரலாங்கறான்." பிரியா திரும்பவில்லை. "நீங்களும் அப்பத்தா பேர ஒடைக்கச் சொன்னவங்கதான். செத்தாலும் மறக்க மாட்டேன்."

"மறக்க வேண்டாம்" என்றாள் கற்பகம். குரல் கடுமையாகத்தான் வந்தது. அந்தக் கடுமையை இறக்கி வைக்க அவளுக்கு வேறு இடமில்லை.

கீழே பந்தலில் மைக் சோதித்தார்கள். மேட்டிலிருந்து ரிஜினின் குரல் துண்டு துண்டாக வந்தது. "இல்ல சார்... ஒரு வீடுதான் சார் கேக்கறாங்க... ஒண்ணே ஒண்ணு."

கற்பகம் போய் வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே சோறு அடிபிடித்து வாடை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.