பச்சை டேப் சுற்றிய பென்டிரைவ்

அந்தப் பழைய சிபியூவை அவள் வாங்கியதே அதற்குள் இருந்த பவர் சப்ளைக்காகத்தான். அவளுக்குப் பல் செய்யும் லேபில் வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அளவைப் பார்த்துப் பல்லுக்கு உறை செய்து, பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிற மாதிரி நிறம் சேர்த்து, குட்டி அடுப்பில் சுட்டெடுக்க வேண்டும். நாள் முழுக்க பிளாஸ்டர் தூசி பறக்கும். மனுஷர் மூக்கை அது சும்மா விட்டாலும் கம்ப்யூட்டரை விடாது. லேப் கம்ப்யூட்டருக்குப் புது பவர் சப்ளை வேண்டுமென்று முதலாளியிடம் சொன்னால் "பார்க்கலாம்மா" என்பார். அந்தப் பார்க்கலாம், கிணற்றில் போட்ட கல். அதனால் அவளே பழைய சாமான் கடைகளில் அலைந்து, தேவையானதைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டிவிடுவாள்.

இப்படி அலைந்து பழகியவர்கள் கூடின அரட்டைக் குழு ஒன்று அவள் போனில் இருந்தது. பேர் 'கருகின வாசனை'. இருபது பேர் இருந்தாலும் வாய் திறப்பது நாலைந்து பேர்தான். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, எல்லோருக்கும் பட்டப்பேர். வேலையை வைத்து இவளுக்குக் 'கடைவாய்ப்பல்' என்று பேர் விழுந்தது. 'அத்தை' என்பவர் ரிடையரான டைப்பிஸ்ட். உலகத்தில் உள்ள எல்லா கீபோர்டையும் கரித்துக் கொட்டுவார். 'டாக்டர்' உண்மையில் ஜெராக்ஸ் கடைக்காரர். எந்த வியாதியைச் சொன்னாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதுதான் அவர் மருந்துச்சீட்டு. 'எட்டாவது மாடி' என்று ஒருவர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. எப்போதாவது லிஃப்டின் வயர்க்காட்டைப் படம் எடுத்துப் போடுவார். மற்ற நாளில் எல்லார் பேச்சுக்கும் ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பால்கனியில் பழைய துணியை விரித்து அவள் சிபியூவைப் பிரித்தாள். பவர் சப்ளையை உருவியபோது, டிஸ்க் வைக்கிற தட்டின் அடிப்பக்கத்தில் கை எதிலோ தட்டியது. பிளாஸ்டிக் பையில் பொதிந்து, பச்சை இன்சுலேஷன் டேப்பால் குறுக்கும் நெடுக்கும் சுற்றி ஒட்டிய ஒரு பொட்டலம். பிரித்துப் பார்த்தால் பென்டிரைவ்.

தானாக விழுந்தது இல்லை. யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, வேண்டுமென்றே ஒளித்து வைத்தது.

படம் எடுத்துக் குழுவில் போட்டாள். தேன்கூட்டில் கல் எறிந்த மாதிரி ஆனது.

"தொடாதே பொண்ணே!" என்றார் அத்தை. "ஒளிச்சு வச்ச பொருள் ஊரைக் கெடுக்கும்."

"செருகிப் பாருங்க," என்றார் டாக்டர். "வேலை செய்யலைன்னா..."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். தெரியும் டாக்டர்."

"எவனோ ரெண்டு குடித்தனம் நடத்தியிருப்பான். ரெண்டாவது குடித்தனம் இதுல இருக்கும்," என்றார் இன்னொருவர். பொழுது நன்றாகப் போனது. எட்டாவது மாடியிடமிருந்து மட்டும் கட்டைவிரல் வரவில்லை.

பத்து நிமிஷத்தில் அவரிடமிருந்து தனியாகச் செய்தி வந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறை.

"அந்த சிபியூ எங்கே வாங்கினீங்க?"

கடையைச் சொன்னாள்.

"அது எங்க வீட்டு சிபியூ. பென்டிரைவ் என்னோடது. தயவுசெஞ்சு திறக்காதீங்க. நானே வந்து வாங்கிக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. வழியில் கிடந்த பணப்பையைக் கேட்டு வருகிறவனிடம்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறோம். இதற்கும் அதுதானே முறை? "உள்ளே என்ன இருக்குன்னு சொல்லுங்க, தர்றேன்" என்று எழுதினாள்.

எழுதுகிறார் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. ஐந்து நிமிஷம் கழித்து வந்தது ரெண்டே வார்த்தை.

"குடும்பப் போட்டோ."

ரெண்டு வார்த்தைக்கு எதற்கு ஐந்து நிமிஷம்? நிஜத்தைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாதே.

லேப் கம்ப்யூட்டரில் செருக அவளுக்குத் துணிவில்லை, நோயாளிகளின் விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. போனிலும் பயம். வாங்கி வந்த சிபியூவிலேயே பவர் சப்ளையைத் திரும்ப மாட்டி, இன்டர்நெட் தொடாமல் உயிர்கொடுத்துப் பார்த்தாள். பென்டிரைவில் ஒரே ஒரு ஃபோல்டர். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு ஃபைல். பேர் கிடையாது, ஒன்று, இரண்டு என்று எண் மட்டும். அத்தனையும் ஆடியோ. போட்டோ மருந்துக்குக்கூட இல்லை.

ஆக, ஆள் பொய் சொல்கிறான்.

ஒன்றாம் எண்ணை அழுத்தினாள். திரையில் கோடு ஓடியது, சத்தம் வரவில்லை. அந்த ஓட்டை மெஷினில் சவுண்டுக்கான டிரைவர் சாஃப்ட்வேரே இல்லை. சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டியும் ஊமை ஊமையாகவே இருந்தது.

மறுநாள் லேபிலிருந்து எழுதினாள்: "போட்டோ எதுவும் இல்லையே. போன் பண்ணுங்க, பேசுவோம்."

"போன் வேண்டாம். நேர்ல வர்றேன். உங்க லேப் எனக்குத் தெரியும். மூணாவது மாடி, ஜன்னல் பக்கத்து மேஜை."

கையில் இருந்த பல் உருண்டு கீழே போனது. லேப் எங்கே இருக்கிறது என்று அவள் குழுவில் ஒருநாளும் சொன்னதில்லை. ஜன்னல் பக்கத்து மேஜை இவனுக்கு எப்படித் தெரியும்? எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். எதிர்க் கட்டடத்தில் ஒருவன் துணி உதறிக்கொண்டிருந்தான். அவன்மேலும் சந்தேகம் வந்தது.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். வாட்டர் மீட்டர் படிக்கிற வேலை அவனுக்கு. ஒரு நாளைக்கு நூறு வீட்டு வாசலில் நின்று நூறு பொய் கேட்கிறவன். "போட்டோன்னு சொல்லிட்டு ஆடியோ வச்சிருக்கான்னா யாரையோ மிரட்டறதுக்கு வச்சிருக்கான்," என்று அடித்துச் சொன்னான். "திருட்டுத்தனமா ரெக்கார்ட் பண்ணியிருப்பான். கொடுத்துடாதே."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. எட்டாவது மாடியின் எண்.

"ஹலோ?"

பதில் இல்லை. மூச்சு மட்டும். இழுத்து, நின்று, மறுபடி இழுக்கிற மூச்சு. அப்புறம் தொண்டைக்குள் எதுவோ சிக்கின மாதிரி ஒரு சத்தம். "க்... க்..."

"யாருங்க? பேசுங்க!"

மூச்சு. புருஷன் போனைப் பிடுங்கினான். "டேய், யார் வீட்டுப் பொம்பளைக்கு போன் பண்ணி மூச்சு விடறே? வச்சுடு, இல்லேன்னா போலீஸ்தான்!" அந்தப் பக்கம் துண்டித்துக்கொண்டது.

போனை அவள் திரும்ப வாங்கினாள். வாங்கின வேகத்தில், நடந்தது அத்தனையையும், அவர் தனியாக அனுப்பிய செய்திகளின் படத்தோடு சேர்த்துக் குழுவில் போட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் யாரும் ஜோக் அடிக்கவில்லை. "நான் முதல்லயே நினைச்சேன், வாயைத் திறக்காத ஆளை நம்பவே கூடாது," என்றார் அத்தை. "பேசறவன் மடையன், பேசாதவன் திருடன்னு எங்க ஆபீஸ்ல சொல்வாங்க." "வாய்ஸ் மெசேஜ்கூட ஒருநாளும் போட்டதில்ல பாருங்க, குரலை மறைக்கிறான்," என்றார் ஒருவர். "சார், தைரியம் இருந்தா பேசுங்க," என்றார் டாக்டர்.

எட்டாவது மாடி எழுதுகிறார் என்று காட்டியது. வெகுநேரம் காட்டியது. பிறகு ஒரே ஒரு வரி: அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

"குட்டு உடைஞ்சுது," என்றார் அத்தை.

புதன்கிழமை டாக்டர் எங்கிருந்தோ அந்தப் பழைய போர்டுக்கான டிரைவரைத் தேடி அனுப்பினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதைப் போட்டாள். ஸ்பீக்கர் ஒருமுறை கனைத்து, உயிர் பெற்றது. பயத்தோடுதான் ஒன்றாம் எண்ணை அழுத்தினாள்.

மூச்சு. போனில் கேட்ட அதே மூச்சு.

"எ... எ... எ..." ஒரு ஆணின் குரல். வயசு இருபது இருக்கலாம். "எ... என்... என் பே... பே..."

முழு நிமிஷம் அந்தப் 'பே'யில் நின்றது. பிறகு பெருமூச்சு. ரெக்கார்ட் முடிந்தது.

இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் யாரோ கதவைத் தட்டும் சத்தம், அவசரமாக நிறுத்திவிட்டான். ஏழாவதில் செய்தித்தாளில் வானிலை அறிக்கை படித்தான். 'மழை' வந்தது. 'மிதமான' வரவில்லை. எட்டு தடவை முட்டிப் பார்த்து, ஒன்பதாவது தடவை, முட்டின வேகத்தில் கதவு திறந்து விழுகிறவன் மாதிரி "மிதமான!" என்று கத்தினான். கத்திவிட்டுச் சிரித்தான்.

பதினேழாவது, போன் பேசும் பழக்கம். "வ... வணக்கம்..." என்று தொடங்கி, தானே அந்தப் பக்கத்து ஆளாகவும் மாறி, "ஹலோ? யாருங்க? பேசுங்க!" என்று அதட்டினான். அந்த அதட்டல் மட்டும் தடங்கல் இல்லாமல், தெளிவாக வந்தது. வாழ்நாளெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த புருஷன் உள்ளே போனான். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "நான் வேற கத்தித் தொலைச்சேன்," என்றான்.

அன்றைக்கே எட்டாவது மாடிக்கு எழுதினாள். "மன்னிச்சுடுங்க. பென்டிரைவ் பத்திரமா இருக்கு. எங்கே கொண்டுவந்து தரணும்?" பதில் இல்லை. மறுநாளும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை லேப் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. 'பராமரிப்பு வேலை' என்று அட்டை தொங்கியது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது. மாசத்துக்கு ஒருமுறை லிஃப்ட் பார்க்க ஒரு ஆள் வருவார். மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எதிரே லேபின் கண்ணாடிக் கதவு, அதற்கு நேரே அவள் மேஜை. குழுவில் அவள் போட்ட படங்களில் எல்லாம் அதே மேஜை, அதே ஜன்னல். எத்தனையோ தடவை அவர் காலைத் தாண்டிக்கொண்டு அவள் போயிருக்கிறாள். முகத்தைத்தான் பார்த்ததில்லை.

பென்டிரைவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி வரை ஏறினாள். மோட்டார் அறையில் ஒருவர் குனிந்து வயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயசுக்குமேல் இருக்கும். நிமிர்ந்து அவளைப் பார்த்தவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

பென்டிரைவை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"கே... கே..." என்று தொடங்கினார். அவள் வாயில் 'கேட்டீங்களா' என்ற வார்த்தை வந்துவிட்டது, எடுத்துக் கொடுக்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். "...கேட்டீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் படியேறும்போது முடிவு செய்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

"பதினேழு கேட்டேன்."

அவர் முகம் சிவந்தது. திரும்பிக்கொண்டு மோட்டாரைப் பார்த்தபடி நின்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று சொன்னார். அவருக்கும் மூன்று அண்ணன்களுக்கும் சேர்த்து வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். பேசிப் பழக இவர் எடுத்த ரெக்கார்ட் அவர்கள் கையில் கிடைத்தால் ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். அதனால் உள்ளே ஒளித்தார். ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் சிபியூவே இல்லை, பெரிய அண்ணன் தூக்கிப் பழைய சாமானுக்குப் போட்டிருந்தார். எதற்காக என்று கேட்கக்கூட இவருக்கு வாய் வரவில்லை. பதினான்கு வருஷம் ஆகிறது.

"போட்டோன்னு ஏ... ஏன் சொன்னேன்னா..."

"புரியுதுங்க."

"இல்ல. சொ... சொல்றேன்," என்றார் சற்றுக் கோபமாக. அவள் வாயை மூடிக்கொண்டாள். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. சொன்னது இவ்வளவுதான்: வெட்கம்.

"எல்லார் முன்னாடியும் உங்களை அசிங்கப்படுத்திட்டேன்," என்றாள். "குழுவில நானே சொல்லிடறேன்."

"என்னன்னு?"

உண்மையைச் சொன்னால் இவர் ரகசியம் போகும்.

திரும்பிப் படி இறங்கப் போனவளை அவர் கூப்பிட்டார். வார்த்தையாக இல்லை, ஸ்பேனரால் கம்பியில் ஒரு தட்டு.

"ப... பதினேழு ரொம்ப ஆரம்பம்," என்றார். "நூத்தித் தொ... தொண்ணூறுக்கு மேல நல்லா இருக்கும்."

அன்று மத்தியானமே அவள் குழுவில் எழுதினாள்: "எட்டாவது மாடியைப் பத்தி நான் சொன்னது அத்தனையும் தப்பு. பென்டிரைவ் அவரோடதுதான். கொடுத்துட்டேன். தப்பு என்னோடது."

அத்தை உடனே வந்தார். "உள்ளே என்ன இருந்தது?"

"அவர் சொந்த விஷயம்."

"நீ கேட்டியா?"

"கேட்டேன். சொல்ல மாட்டேன்."

பிறகு டாக்டர், "டிரைவர் தேடிக் கொடுத்தவனுக்குக்கூடச் சொல்லக்கூடாதா?" என்றார். இன்னொருவர், "நேத்து வரைக்கும் திருடன், இன்னைக்கு நல்லவன். நடுவுல என்ன கை மாறிச்சோ," என்றார். அத்தை எழுதினார்: "எனக்கென்னமோ ரெண்டு பேரும் கூட்டுன்னு படுது."

விளக்கமாக ஒரு பதில் எழுதி, அழித்தாள். ரெண்டாவது தடவையும் எழுதி அழித்தாள். அவள் எழுதுகிறாள் என்பது அத்தனை பேர் திரையிலும் காட்டிக்கொண்டிருந்திருக்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பில் வெந்துகொண்டிருந்த முன்பல்லைப் பார்க்கப் போனாள். அதை நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.