சலூன் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தவன்

சலூன்காரரின் மகன் கொலையுண்ட மறுவாரம், அவர் மறுபடி கடையைத் திறந்த முதல் காலையில், கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தான். கடையில் பெஞ்சு காலியாக இருந்தது. கண்ணாடியில் தெரிந்த பெஞ்சில் மட்டும் அவன் சுவரோரமாகச் சாய்ந்து, பழைய விளையாட்டுப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தான். பதினாறு வயது, பள்ளிச் சட்டை. பின்மண்டையில் அடிபட்டுக் கால்வாய்க்கரையில் கிடந்தவன் என்று சொல்ல அவனிடம் ஓர் அடையாளமும் இல்லை. சலூன்காரர் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். பிறகு ஈரத்துணியை எடுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி, கண்ணாடியைத் துடைத்தார். தூசி படிந்தால் பிள்ளைக்கு வெளியே தெரியாமல் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது.

யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்பது தெரியவில்லை. பையனுக்குப் பகையும் இல்லை, பறிப்பதற்கு அவன் கையில் பொருளும் இல்லை. ஊரெல்லாம் விசாரித்து ஓய்ந்துபோன இன்ஸ்பெக்டர், கண்ணாடியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு நாள் வந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முறைப்படி கேள்விகளைக் கேட்டார். பையன் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு மரியாதையாக அவர் முகத்தையே பார்த்தான். சத்தம் கண்ணாடியைத் தாண்டாது போலிருக்கிறது, பதில் வரவில்லை. காகிதத்தில் எழுதிக் காட்டினார். எழுத்து அந்தப் பக்கம் இடவலம் மாறித் தெரிந்ததால், பையன் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்கப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தான். வந்தது வந்தோம் என்று இன்ஸ்பெக்டர் முடி வெட்டிக்கொண்டு போனார்.

அதற்குள் சலூன்காரர் மனதில் ஒரு முடிவு முளைத்து வேர் விட்டிருந்தது. கொன்றவன் என்றைக்காவது இந்த நாற்காலிக்கு வந்தே தீருவான். அவன் உட்கார்ந்ததும் பையன் பெஞ்சை விட்டு எழுந்து நிற்பான். பிறகு நடக்க வேண்டியதைக் கையில் இருக்கும் கத்தி பார்த்துக்கொள்ளும். இப்படி அவருக்கு யாரும் சொல்லவில்லை, கனவும் வரவில்லை. துக்கம் தனியாக இருக்கும்போது தானே ஒரு சட்டத்தை எழுதி, தானே அதில் கையெழுத்தும் போட்டுவிடுகிறது. காலையில் கத்தியைத் தோல்வாரில் தீட்டும்போது, தாடிக்குத் தேவையானதைவிட அதிக நேரம் தீட்டினார்.

அவர் இதை மனைவியிடம் மட்டும்தான் சொன்னார். மனைவியும் வெளியே மூச்சுவிடவில்லை. ஆனாலும் சுவருக்குக் காது இருந்ததால் ஊருக்கு எட்டிவிட்டது. ஆண்கள் எல்லோரும் இருதலைக்கொள்ளி எறும்பானார்கள். போனால் தப்பித் தவறிப் பையன் எழுந்துவிடுவானோ என்று பயம். போகாவிட்டால் இவன்தான் கொன்றவன் என்று ஊர் சொல்லிவிடுமே என்று அதைவிடப் பெரிய பயம். ஆகவே எல்லோரும் போனார்கள். வீட்டிலேயே சவரம் செய்துகொண்டிருந்தவர்கள் வந்தார்கள். நேற்று வெட்டியவர்கள் இன்று மறுபடி வந்தார்கள். மருந்துக்கடை முதலாளிக்குத் தலையில் ஒரு முடி கிடையாது, அவரும் வந்து உட்கார்ந்து, "காதோரம் லேசா பாத்து விடுங்க" என்றார். ஒவ்வொரு தொண்டையிலும் கத்தியை வைத்துவிட்டு, சலூன்காரர் கண்ணை மட்டும் கண்ணாடியில் வைத்திருப்பார். பையன் பக்கத்தைப் புரட்டுவான். நாற்காலியில் இருப்பவர் அடக்கியிருந்த மூச்சை விடுவார். கடையில் அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன் இருந்ததே இல்லை.

மனைவி அந்தக் கடைக்குள் கால் வைக்கவில்லை. கடைத் துண்டுகளை வீட்டுப் பின்கட்டில் கொதிக்க வைத்துத் துவைத்து, உலர்த்தி, மடித்து மகளிடம் கொடுத்தனுப்புவதோடு சரி. கூட்டத்தைப் பற்றிக் காதில் விழுந்த அன்று, கணவருக்குச் சோறு வைத்துவிட்டு, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "நம்ம புள்ளைய கடைக்கு போர்டா மாட்டி வெச்சிருக்கீங்க." அவர் தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவினார். ஆனால் அவளும் சும்மா இல்லை. சந்தையில் காய் வாங்கும்போது ஆண்களின் முகத்தை அவள் பார்ப்பதில்லை, கைகளையே பார்ப்பாள். எந்தக் கை, எந்தக் கை என்று பார்த்துப் பார்த்து, வாங்க வந்ததை மறந்துவிட்டு வெறும் பையோடு திரும்புவாள். கடவுளிடம் முன்பு நல்லது கேட்டவள், இப்போது ஒரு பெயரைக் கேட்டாள்.

மகள் அண்ணனுக்கு இரண்டு வயது இளையவள். துண்டுகளை வைத்துவிட்டு, கண்ணாடி முன் நின்று, அன்றைய பள்ளிக்கூடக் கதையை வாயசைத்துச் சொல்லிவிட்டுப் போவாள். அவன் சிரிப்பான். ஒரு கோடையில் இருவருக்கும் ஒரே வயதானது. அடுத்த கோடையில் அவள் மூத்தவளானாள். படிப்பை முடித்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபின் ஒரு நாள், கண்ணாடி முன் நின்றபோது 'அண்ணா' என்ற சொல் வாயில் வரவில்லை. மீசை அரும்பாத அந்த முகத்தைப் பார்த்து, 'தம்பி' என்று வாயசைத்தாள். அவன் அதற்கும் தலையாட்டினான். அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஏன் என்று தாயும் கேட்கவில்லை, தகப்பனும் கேட்கவில்லை. மூன்று பேரும் ஒரே அறையில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் வீடாக அது ஆகியிருந்தது.

ஊரில் ஒரே ஒருவர் மட்டும் கடைக்கு வரவில்லை. சரக்கு லாரி ஓட்டுகிறவர். யாரோடும் ஒட்டாதவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர் என்பதால் ஊர் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தது. கொலை நடந்த மாதம் லாரியோடு வெளியூரில் இருந்தேன் என்று அவர் சொன்னதை இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார், ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. வருடம் ஆக ஆக, வராதவர் அவர் ஒருவர்தான் என்பதே சாட்சியாகிவிட்டது. அவர் வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுபோகும். அவர் மனைவிக்குக் குழாயடியில் யாரும் வழிவிடுவதில்லை. சலூன்காரர் வாசலில் நின்று, அவர் லாரி போகும்போதெல்லாம் கண்ணாலேயே அதை ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

அந்த மனிதர் ஒரு நாள் நடுப்பகலில் கடைக்குள் வந்தார். வேறு ஆளில்லை. கன்னத்தில் பல நாள் தாடி, அதில் இரண்டு மூன்று இடங்களில் காய்ந்த வெட்டுக்காயம். நாற்காலியில் உட்கார்ந்து கைகளைச் சலூன்காரர் போர்த்திய துணிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா நானே பண்ணிக்கிட்டேன்ணே" என்றார். "இப்ப முடியல." சலூன்காரர் நுரை போட்டார். கத்தியை எடுத்தார். கண்ணாடியைப் பார்த்தபடியே தொண்டைக்குழியில் வைத்தார்.

பையன் பத்திரிகையை மூடினான். எழுந்தான்.

இத்தனை வருடமும் காத்திருந்தது வந்துவிட்டபோது சலூன்காரருக்குக் கோபம்கூட வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய அமைதிதான் வந்தது, கிணற்றின் அடித்தண்ணீரைப்போலக் கறுப்பான அமைதி. பையன் நடந்து வந்தான். நாற்காலிக்குப் பின்னால் நின்றான். ஒரு கையை அந்த மனிதரின் நெற்றியிலும் மறு கையைப் பிடரியிலும் வைத்தான். இவன்தான் என்று பிடித்துக் கொடுக்கிறான் என்று தகப்பன் எண்ணினார். மணிக்கட்டு இறுகியது. கத்தியின் விளிம்பு தோலில் ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டும்விட்டது.

கண்ணை மூடியிருந்த லாரிக்காரர் அப்போதுதான் பேசினார். "யாருண்ணே புடிச்சிருக்கறது? கை நல்லா வெதுவெதுப்பா இருக்கு."

சலூன்காரர் கண்ணாடியை விட்டுவிட்டு, நாற்காலியில் இருந்த ஆளை முதல் தடவையாகப் பார்த்தார். போர்வைக்குள் அந்தக் கைகள் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. தோள் ஆடியது. முழங்கால் ஆடியது. தலை மட்டும் ஆடவில்லை. நுரை ஏன் ஒரு பக்கம் கோணல்மாணலாகப் படிந்திருக்கிறது என்பது அவருக்கு இப்போது விளங்கியது. ஆடும் தலையில் கத்தி வைக்கக் கூடாது, நெற்றியிலும் பிடரியிலும் ஓர் ஆள் பிடித்துக்கொண்டால்தான் கத்தியை எடுக்க வேண்டும். தொழிலின் முதல் பாடம் இது. நரம்புத் தளர்ச்சி வந்த கிழவர்களுக்கும் திமிறுகிற குழந்தைகளுக்கும், பள்ளிவிட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுப் பையன் ஓடிவந்து பிடித்துக்கொள்வது இப்படித்தான். தகப்பன் தொண்டையைத் தேடியதில் தொழிலை மறந்திருந்தார். பிள்ளை மறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வெட்டுப்படக் கூடாதே என்று எழுந்து வந்திருந்தான்.

"பையன்தான்" என்றார் சலூன்காரர். "ஆடாம இருங்க. கொஞ்சம் பட்டுடுச்சு."

"பரவால்லண்ணே. நான் பண்ணிக்கிட்டா இதைவிட மோசமா இருக்கும்."

படிகாரக் கல்லை நனைத்துச் சிவப்புக் கோட்டில் ஒற்றினார். பிறகு முழுச் சவரத்தையும் செய்து முடித்தார். மேலுதட்டு மடிப்பிலும் காதுக்கு அடியிலும், தம் சொந்தத் தகப்பனுக்குச் செய்வதுபோல் நிதானமாகச் செய்தார். பையன் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். லாரிக்காரர் எழுந்து, கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

அன்று சலூன்காரர் கடையைச் சீக்கிரமே பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்படியில் நின்ற மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். கத்தி எவ்வளவு தூரம் போனது என்பதையும் மறைக்கவில்லை. அவள் அடுப்பை அணைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். மகளும் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஒருவேளை அந்த ஆளேதான் செஞ்சிருந்தா?" என்றாள் மனைவி.

"அப்பவும் புடிச்சிருப்பான்" என்றார். "தலை ஆடுச்சுல்ல."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழுதது, பையனை எடுத்துக்கொண்டு போன நாளுக்குப் பிறகு அன்றுதான். அழுகை ஓய்ந்ததும் மனைவி மூன்று தட்டுகளை எடுத்து ஒரே இடத்தில் வைத்தாள்.

மறுநாள் துண்டுகளை அவளே கொண்டுபோனாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடியைப் பார்க்காமல் நேரே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் பையன் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான். பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பகல்வரை இருந்துவிட்டுப் போனாள். சமையல் முடிந்ததும் தினமும் வரத் தொடங்கினாள். வருகிறவர்களின் கைகளைப் பார்ப்பது குறைந்து, ஒரு நாள் நின்றும்போனது. லாரிக்காரரின் மனைவியை வழியில் கண்டால் நின்று, குடத்தை இறக்கி வைத்துப் பேசினாள். அதைப் பார்த்தபின் குழாயடியிலும் வழிவிட்டார்கள்.

கொன்றவன் அகப்படவில்லை. புதிதாக வந்த இன்ஸ்பெக்டரும் கண்ணாடியைப் பார்த்தார், அவரும் முடி வெட்டிக்கொண்டார். உண்மையானவன் அந்த நாற்காலியில் எத்தனையோ தடவை உட்கார்ந்து எழுந்திருக்கலாம். அந்த நினைப்பு சலூன்காரரை விட்டு ஒரேயடியாகப் போகவில்லை. சில நாட்களில் கத்தி கையில் கனக்கும். அப்போது ஒரு நிமிடம் நிறுத்தி, கடவுளை நினைத்துக்கொண்டு, மறுபடி தொடருவார். தலை ஆடுகிறவர்கள் வெளியூர்களிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். பையன் எழுந்து வந்து பிடித்துக்கொண்டான். பெஞ்சில் நாலு பேர் உட்காரலாம். காத்திருப்பவர்களில் மூன்று பேர் சுவரோர இடத்தை விட்டு உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் வாசலில் நின்றார்கள்.