ஆயில் சூடாகும் வரை

என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், வெளிநாட்டில், கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைத்து, அக்காவையும் அந்த ஊருக்கே கூட்டிக்கொண்டு கிளம்பியபோது இரண்டு பொருட்களை என் தலையில் கட்டினார். ஒன்று, நாங்கள் குடிவந்த அவருடைய வீடு. இன்னொன்று அந்த வீட்டுக்குக் கீழே நின்ற கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் கார். வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கராஜ் கதவில் ஒட்டினார்.

"ரெண்டே வருஷம் மாப்ளே. உன் புள்ள மாதிரி பாத்துக்க."

நான்கு வருடம் ஆகிறது. சத்தியமாக, என் பிள்ளையைக்கூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

இந்த வகைக் கார் ஓடினால் தேயாது, நின்றால்தான் கெடும். ஒரே இடத்தில் நின்றால் தரையில் படுகிற பக்கம் டயர் தட்டையாகிவிடும். பேட்டரி படுத்துவிடும். சீட்டுக்கடியில் எலி குடித்தனம் நடத்தி வயரைக் கடிக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு வைத்தால் பிரேக் ஒட்டிக்கொள்ளும், அதனால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஞாயிறுதோறும் காலையில் வெளியே எடுக்க வேண்டும். வேகத்தடையில் நேராக ஏறினால் முன்பக்கம் சிராய்க்கும் என்பதால் கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். கழுவ இரண்டு வாளி வேண்டும், ஒன்று சோப்புக்கு, ஒன்று துணி அலச. ஒரே வாளியில் கழுவுகிறவன் மண்ணை வைத்துப் பெயிண்டைத் தேய்க்கிறான். நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இதை அரைமணி நேரம் விளக்கியிருக்கிறேன். அவரிடம் இருந்தது ஸ்கூட்டர்.

நான்கு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட நான் ஊரைத் தாண்டவில்லை. மைத்துனன் கல்யாணத்துக்குச் சனிக்கிழமை போய்த் தலையைக் காட்டிவிட்டு, முகூர்த்தத்துக்கு முன்பே பஸ் ஏறினேன். மாமியார் வீட்டில் அதிலிருந்து என்னை "டிரைவர் மாப்பிள்ளை" என்றுதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் துணியைப் பிழிந்துகொண்டே அத்தானைத் திட்டுவேன். மனுஷன் என்னைக் கட்டிப்போட்டுவிட்டார், இது வீடில்லை ஜெயில் என்பேன். மனைவியும் "ஆமா, அவருக்கு என்ன, சொகுசா உக்காந்துட்டார்" என்று சேர்ந்துகொள்வாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன வருடம் வேறு ஊரில் ஒரு பெரிய கூடத்துக்குத் தலைமைப் பொறுப்பு வந்தது. அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று நான் இழுத்ததில் அது கைநழுவிப் போனது. இந்த வருடம் அதே வேலை மறுபடி வந்தபோது அவள் என்னைக் கேட்கவில்லை. நேராக அத்தானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணே, அந்தக் கார் விஷயமா..."

"எந்தக் கார்மா?" கடல் காற்றின் இரைச்சலுக்கு மேல் கத்தினார். "அட, அதுவா! மறந்தே போயிட்டேன். இன்னுமா ஓடுது? வித்துத் தள்ளுங்க. மாப்ளே, பக்கத்துல இருக்கியா? ஏன்டா முன்னாடியே சொல்லல?"

எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறந்துவிட்டாராம்.

இரண்டு வாரத்தில் எல்லாம் முடிவானது. கடை வேலையை விட்டேன். மூக்குக்கண்ணாடி போடாத ஊர் உண்டா, அங்கே பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை பத்து மணிக்குக் காரை வாங்க ஒரு பல் டாக்டர் வருவார், பதினொன்றேகாலுக்கு டாக்ஸி, பன்னிரண்டு மணி ரயிலில் மூன்று பேரும் போகிறோம்.

டாக்டர் பத்தரைக்கு வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் டயர், பேட்டரி, வாளி எல்லாம் சொல்லி முடிக்கவே பதினொன்று தாண்டிவிட்டது. பிறகு உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தவர், செய்த கையோடு ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தார். என் வயிற்றில் மிதித்த மாதிரி இருந்தது.

"சார், சார், ஆயில் இன்னும் ஜில்லுனு இருக்கு. ஆயில் சூட்டைக் காட்டற இந்தச் சின்ன முள்ளு எண்பதைத் தொடற வரைக்கும் மிதிக்கக் கூடாது."

"கார்னா மிதிக்கத்தானே!" இன்னொரு மிதி.

"எங்க நிறுத்துவீங்க?"

"கிளினிக் வாசல்ல பெரிய மரம் இருக்கு. நல்ல நிழல்."

மரத்துப் பிசினும் பறவை எச்சமும் பெயிண்டைத் தின்றுவிடும். "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"வீட்டுலருந்து கிளினிக். அஞ்சே நிமிஷம்."

"அஞ்சு நிமிஷத்துல அணைச்சா உள்ள ஈரம் காயாது சார். ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணா நாப்பது நிமிஷமாவது ஓடணும்."

"இங்க டாக்டர் நீங்களா, நானா?" என்று சிரித்தார்.

"இல்ல சார், இதை விக்கலை" என்றேன். என் குரல்தான். "அத்தான் மனசு மாறிட்டார்."

அவர் முகம் சுண்டிப்போய், எஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கி நடந்தார். திரும்பினால் படியில் மனைவி நிற்கிறாள், மகள் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணன் மனசு மாறலை. இப்பதான் பேசினேன். நல்லபடியா போய்ச் சேருங்கன்னார்."

"அந்த ஆள்கிட்ட குடுத்தா ஆறு மாசத்துல கொன்னுடுவான். ஒரு நல்ல ஆளாப் பாத்து..."

"அப்படி ஒரு ஆள் உங்க கண்ணுக்குப் படவே மாட்டான்." அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அது சுலபம். "நாலு வருஷமா அவரைத் திட்டுனீங்க. நானும் சேந்து திட்டுனேன். பாவம் அந்த மனுஷன்."

டாக்ஸி வந்தது. என் பெட்டியை மட்டும் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு, மற்றதை டிரைவரிடம் கொடுத்தாள்.

"அப்பா, ஏறுங்க" என்றாள் மகள்.

எனக்குப் பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடத்துக்கு முன்னால் அதை அணைக்கக் கூடாது. "நீங்க போங்கம்மா. நான் பின்னாடியே ஸ்டேஷனுக்கு வந்துடறேன்."

ரயிலுக்கும் நாற்பது நிமிடம்தான் இருந்தது. மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்ஸி தெருமுனை திரும்பும் வரை நின்றேன். ஓடியிருந்தால் மறித்திருக்கலாம். யாரும் என் கையைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அது தெரிந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே காருக்குள் உட்கார்ந்து அந்தச் சின்ன முள்ளைப் பார்த்தேன். ஐம்பதில் நின்றது. மெதுவாகத்தான் ஏறும்.